எல்லாச் சுவரிலும் பல்லி

ஜூன் 3, செவ்வாய்

நான் செலக்ட் ஆகிவிட்டேன்! பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, விசிறி கத்துகிற லேப்டாப்போடு தூத்துக்குடியில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிரிசில்லா ராயப்பன்!

செரின் அக்கா லைவில் என் பெயரைச் சொன்னதும் சாட் முழுக்கத் தீ எமோஜி. அக்கா பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். தமிழில் வீடியோ போடுவார். ஒன்றைக்கூட நான் விட்டதில்லை, சிலதை மனப்பாடமாகவே ஒப்பிப்பேன். அவருடைய 'ஒட்டுப்புல்' குழுவில்தான் இந்தப் போட்டி. சிலிக்கோன் ரப்பரில் ஒட்டிக்கொள்கிற ஒரு பெப்டைடைக் கம்ப்யூட்டரிலேயே வடிவமைக்க வேண்டும். தேறின மூன்றில் என்னுடையதும் ஒன்று. அவற்றை ஆய்வகத்தில் நிஜமாகவே செய்து, நிஜமான ரப்பரில் ஒட்டிப் பார்ப்பார்கள்.

கட்டிலில் கிடந்த அப்பாவிடம் ஓடினேன்.

"பெப்டைடுன்னா என்னட்டி?"

"திருவிழாவுக்குச் சீரியல் செட்டு போடுவியேப்பா, அது மாதிரி. இருவது கலர் பல்பு இருக்கு. எந்தக் கலருக்கு அடுத்து எந்தக் கலரு கோக்கோம்ங்கிறதுலதான் விஷயமே."

"ஒரு பல்ப மாத்திட்டா?"

"மொத்த வேலையும் மாறிரும்."

"அப்ப நம்ம தொழில்தான்," என்று சிரித்தார். அப்பா எலக்ட்ரீஷியன். கரண்ட் போஸ்டிலிருந்து விழுகிறவரைக்கும்.

சிலிக்கோன் போட்டிக்கு நான் ஏன் வந்தேன் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

அம்மா சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் விட்டு அப்பாவின் டியூப்பைக் கழுவினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டேன். பயமாக இருக்கிறது என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சிறுநீர் போக ஒரு சிலிக்கோன் டியூப் உள்ளேயே இருக்கும், வெளியே ஒரு பையில் வடியும். அதன் சுவரில் கிருமிகள் போய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் காய்ச்சல். ஜனவரியில் வந்த காய்ச்சலில் பங்குச் சாமியாரை வரவழைத்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் பூசின நெற்றியோடு அப்பா கண்ணைத் திறந்து, "எவன்டா எனக்குத் தாளிக்கது?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

டியூப்பின் சுவரில் கிருமிக்கு முன்னால் வேறொன்று போய் இடம் பிடித்துவிட்டால்? இதைத்தான் நான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். போட்டி எல்லாம் சும்மா.

(சும்மா இல்லை. ஜெயிக்கவும் வேண்டும்.)

ஜூன் 8, ஞாயிறு

என் பெப்டைடுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். 'பல்லி' என்று வைத்தேன். சுவரில் ஒட்டுமே! செரின் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். இனி குழுவில் எல்லாருக்கும் அது பல்லிதான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கைவேலைக்கு வேற பேரே கெடைக்கலயாக்கும்? பல்லியாம் பல்லி."

பல்லி எப்படிப் பிறந்தது என்று லைவில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். நான் கோத்தது கொஞ்சம்தான், மீதி எல்லாம் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பல்பு மாலையையும் ரப்பர் சுவரின் மேல் விட்டுப் பார்க்கும். ஒட்டினால் மார்க். இன்னும் இறுக்கி ஒட்டினால் இன்னும் மார்க். தோற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜெயித்ததில் ஒரு பல்பை மாற்றி மறுபடி விடும். நான் தூங்குவேன், அது கோக்கும்.

"சிம்பிளா இருக்கு, அழகா இருக்கு," என்றார் அக்கா. அந்த இடத்தை வெட்டி போனில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

ஒட்டுது! ஒட்டுது! ஒட்டுது!

மூன்றில் பல்லிதான் முதல். அலசினாலும் போகவில்லை, சோப்புத் தண்ணீர் விட்டாலும் போகவில்லை. கிராஃபில் மற்ற இரண்டும் குட்டைச் சுவர் மாதிரி நிற்க, என்னுடையது லைட் ஹவுஸ். அக்கா மெசேஜில் 'ஒட்டுது' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார். அதைக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னட்டி ஒட்டுது?"

"பல்லி! அப்பா டியூப்பு மாதிரி ரப்பர்ல ஒட்டிட்டும்மா! கழுவினாலும் போகலயாம்!"

"அப்ப காய்ச்சல் வராதா?"

"இனி எங்கிட்டு வர?" என்றேன்.

அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அக்கா இன்னொன்றும் எழுதியிருந்தார்: "ரப்பர் இல்லாத வெறும் பிளாஸ்டிக் தட்டுலயும் ஒட்டியிருக்கு பிரிசி. அதையும் பாக்கணும்." பார்க்கட்டும். அவ்வளவு நன்றாக ஒட்டுகிறது, நான் என்ன செய்ய?

ஜூன் 17, செவ்வாய்

காய்ச்சல். பையில் கலங்கல். அம்மா ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்கிறாள். நான் அப்பாவின் காலைப் பிடித்துவிடுகிறேன். அது அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

இறங்கிவிட்டது. மாத்திரை கேட்டிருக்கிறது. அப்பா பாதி ஆகிவிட்டார். அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே புலம்புகிறாள்: "என்ன குடுத்தாலும் இந்த மனுசன் ஒடம்புல ஒட்ட மாட்டேங்கே. ஒன்னுமே ஒட்ட மாட்டேங்கே."

ஜூன் 24, செவ்வாய்

கூரியர்! தேறின மூன்று பேருக்கும் அவரவர் பெப்டைடை ஞாபகப் பரிசாக அனுப்பியிருக்கிறார்கள். விரல் நுனி அளவு ஒரு குப்பி. அடியில் வெள்ளைத் தூள். குப்பியின் மேல் செரின் அக்காவின் கையெழுத்தில் 'பல்லி', ஒரு குட்டிப் பல்லிப் படம், கீழே ஆங்கிலத்தில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று.

என் தலைக்குள் இருந்தது கையில் இருக்கிறது. போட்டோவாக எடுத்துத் தள்ளினேன். ஃப்ரீசரில் ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் வைத்தேன். "யாரும் தொடக்கூடாது" என்றேன்.

"நாங்க ஏன் தொடப்போறோம்," என்றாள் அம்மா.

ஜூன் 26, வியாழன்

அம்மாவுக்குத் திடீரென்று அறிவியலில் ஆர்வம் வந்திருக்கிறது! இத்தனை நாள் நான் எதைச் சொன்னாலும் "சரி, மாவ எடுத்து உள்ள வை" என்கிறவள், இன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அந்தத் தூள எதுல கரைப்பாங்க?"

"உப்புத் தண்ணியிலம்மா. நீ அப்பாவுக்கு வாஷ் பண்ணுதியே சலைன், அதே மாதிரிதான்."

"நெறைய ஊத்தணுமா?"

"ஒரு சிரிஞ்சு போதும். கலக்கி விட்டா போயி ஒட்டிக்கிடும். செத்த நேரம் அப்படியே ஊற விடணும்."

"சூடு பண்ணணுமா?"

"வேண்டாம்."

எவ்வளவு பொறுமையாகக் கேட்டாள்! ஒருநாள் இவளையும் லைவுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

அம்மா காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே டியூப் கழுவினாள். பை பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. "நீ போய் ஒன் வேலயப் பாரு" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

இன்று லைவில் அடுத்த சோதனை. ஆட்டு ரத்தத்தை உப்புத் தண்ணீரில் கலந்து மூன்று பெப்டைடையும் தனித்தனியாக விட்டார்கள். ரத்த அணு நன்றாக இருந்தால் தண்ணீர் கலங்கலாக இருக்கும். உடைந்துவிட்டால் தெளிந்துவிடும், சிவப்புக் கண்ணாடி மாதிரி.

மற்ற இரண்டும் கலங்கல். என்னுடையது ரூஹ் அஃப்ஸா சர்பத் மாதிரி தெளிந்த சிவப்பு.

அக்கா மெதுவாகத்தான் சொன்னார். "பிரிசி, ஒட்டு ஒட்டுன்னே கேட்டா, கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் ஒட்டுற பல்பா பொறுக்கிப் போட்டுரும். இது ரப்பர்னு பாக்கல. பிளாஸ்டிக்லயும் ஒட்டிச்சு, செல்லோட தோல்லயும் ஒட்டுது. ஒட்டி, கிழிச்சிருது. எனக்கு அந்த வெறும் தட்டப் பாத்தப்பவே சந்தேகம் வந்திருக்கணும்."

சாட்டில் எவனோ 'விஷப்பல்லி' என்று போட்டான். மளமளவென்று அதற்கு லைக். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

நல்லவேளை, வெறும் போட்டிதானே.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். குப்பி வைத்த இடத்தில் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜூலை 2, புதன்

காலையில் அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. தலை வெடிக்கிறது என்கிறார். உடம்பின் கீழ்ப்பாதிக்கு வலியைச் சொல்லத் தெரியாது. கீழே எதாவது அடைத்துக்கொண்டால் பிரஷர் ஏறி, இப்படித்தான் தலையில் வந்து தட்டும்.

பை ரோஸ் கலரில் இருக்கிறது.

"பீட்ரூட் குடுத்தியாம்மா?" என்றேன். அம்மா பையைப் புடவை முந்தியால் மூடினாள். யாருக்கும் தெரியாமல் மூடுவது மாதிரி. அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

நான் ஃப்ரிட்ஜுக்குப் போனேன். இந்தமுறை கையில் எடுத்தேன். குப்பியில் தூள் இல்லை, கழுவித் துடைத்து வைத்திருக்கிறது. பளிச்சென்று.

ஆட்டோவுக்கு போன் போட்டுவிட்டேன். வருகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்து. நேற்று நடந்த எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. கண்ணுக்குக் கீழே கறுத்து, ரொம்ப நேரமாக நிற்கிறவர் மாதிரி இருந்தார். அப்பாவின் பிரஷரைப் பார்த்துவிட்டு வேகமாகக் கேட்டார்.

"புதுசா எதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, வேற மாத்திரை?"

அம்மாதான் வாயைத் திறந்தாள். "பல்லி..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"பல்லியா? சாப்பாட்டுல விழுந்துட்டா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆமாம் என்று அம்மா தலையை ஆட்டினாள்.

"எதுலம்மா விழுந்துச்சு?" என்றார் நர்ஸ்.

"சாம்பார்ல."

"மூடி வைக்க மாட்டீங்களா? நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அவருக்கு மட்டும் தனிச் சாம்பாராக்கும்?" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் சீட்டில் எழுதினார். பல்லி விழுந்த உணவு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இங்கே எழுத வேண்டும். அம்மாவைப் போலீஸ் பிடிக்குமோ என்று பயந்தேன். செரின் அக்காவின் வேலை போகுமோ என்று பயந்தேன். என் பெயர் நியூஸில் வருமோ என்பதை நான் நினைக்கவே இல்லை.

அப்பாவின் மூக்கு வழியாக வயிற்றுக்கு டியூப் போட்டுக் கழுவினார்கள். தெளிந்த தண்ணீர்தான் வந்தது. கீழே பை கருஞ்சிவப்பாகி, பிறகு சொட்டுவதையே நிறுத்திவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் பையைப் பார்த்தேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். மூக்கில் டியூப்போடு பேசப் பார்த்தார்.

"எட்டி... நான் சாம்பாரே சாப்பிடலயே."

"சார், பேசாதீங்க," என்றார் நர்ஸ்.

"கஞ்சிதான் குடிச்சேன். சாம்பாரு எங்க வச்சாங்க?"

டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பினார். "குழப்பமா பேசுறாரு. எழுதிக்கோங்க. தலைக்கு ஒரு ஸ்கேன் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். தான் சொன்னது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது மாதிரி. வயரைத் தொடாமலே லைன் எங்கே போச்சு என்று சொல்லுகிற மனுசன்.

"அவரு சரியாத்தான் பேசுதாரு," என்றேன். "சாம்பாரே வைக்கல. பல்லியும் விழல."

"பின்ன?"

"பல்லிங்கிறது நான் செஞ்சது."

டாக்டரம்மா என்னையும் சந்தேகமாகப் பார்த்தார். இவளுக்கும் ஒரு ஸ்கேன் சொல்லலாமா என்கிற பார்வை. நான் போனை எடுத்தேன். போட்டோவைக் காட்டினேன். குப்பி, தூள், குட்டிப் பல்லிப் படம். சொல்லிக் கொட்டினேன். ரப்பர், மாலை, ஆட்டு ரத்தம், எல்லாம். "டியூப் வழியா உள்ள போயிருக்கு. திங்கக்கிழம. அங்க உள்ள சதையெல்லாம் கிழிச்சிருக்கும். பை சொட்டல, பாருங்க, பை சொட்டவே இல்ல!"

அப்போதுதான் அவர் பையைப் பார்த்தார். எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். ரத்தம் கட்டியாகி டியூப்பை அடைத்திருந்தது. உள்ளே தேங்கித் தேங்கி அப்பாவின் பிரஷர் ஏறியிருந்தது. பழைய டியூப்பை உருவிவிட்டுத் தடியான வேறு டியூப் போட்டு, பாட்டில் பாட்டிலாகச் சலைனை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். அழுகின ஈரல் மாதிரி கட்டிகள் வந்தன. நர்ஸ் அந்தச் சீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு என்னிடம் பெப்டைடுக்கு ஸ்பெல்லிங் கேட்டார்.

நான் செரின் அக்காவைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல்முறை அவரோடு போனில் பேசுகிறேன். எத்தனை தடவை இந்தக் கால் எப்படி இருக்கும் என்று யோசித்திருப்பேன்.

"அக்கா, பல்லி எங்க அப்பாவுக்குள்ள இருக்கு."

"டாக்டர்கிட்ட குடு" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. டாக்டரம்மாவும் அக்காவும் ஆங்கிலத்தில் பேசினார்கள். போனைத் திருப்பித் தரும்போது டாக்டரம்மா, "கழுவிட்டே இருப்போம். கிட்னிக்குப் போயிருக்கான்னு நாளைக்குத்தான் தெரியும்," என்றார். பிறகு, "முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வராந்தாவில் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"ஒட்டும்னு நீதானட்டி சொன்ன."

"டியூப்லம்மா! டியூப்புல ஒட்டும்னேன்!"

"டியூப்பு எங்க இருக்கு?" என்றாள் அம்மா. "அவருக்குள்ளதான இருக்கு?"

ஜூலை 4, வெள்ளி

தண்ணீர் ரோஸ் கலரில் வருகிறது. நேற்றைவிட வெளுப்பு. நான் கலரைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கிட்னி தப்பித்தது. "உள்பக்கம் புண்ணு ஆறுனாலும் தழும்பு இருக்கும், மூத்திரப்பை முன்ன மாதிரி விரியாது," என்றார் டாக்டரம்மா. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கம், வீட்டுக்குப் போனதும் ஒரு சாம்பார் வை. பழி வந்துட்டு, குடிச்சாவது வைப்போம்."

அம்மா முந்தியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டில் இருக்கிறோம். குழுவில் அக்கா ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறார்: இனி யாருக்கும் குப்பி அனுப்ப மாட்டார்கள் என்றும், ஆய்வகத்தில் தானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், லைவ் இப்போதைக்கு இல்லை என்றும். என் பெயர் அதில் இல்லை. எனக்குத் தனியாக ஒரு வரி: "நான்தான் அதை அனுப்பியிருக்கக் கூடாது. அப்பா எப்படி இருக்கார்?"

பதில் அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் பையின் போட்டோவை அனுப்பினேன். வெளிர் மஞ்சள்.

அம்மா குப்பியை எங்கேயோ போட்டுவிட்டாள். கேட்கவில்லை.

ஜூலை 26, சனி

மாதா கோயிலில் கொடியேற்றம். தெருவெல்லாம் சீரியல் செட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்பா, "மூணாவது வரிசயில பாதி எரியல, எவன் போட்டான்?" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

நேற்று ராத்திரி லேப்டாப்பை மறுபடி திறந்தேன். திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பையில் லேசாகக் கலங்கல். கிருமி நான் பயப்படுவதற்காகக் காத்திருக்கவில்லை.

மார்க் போடுகிற விதத்தை மாற்றினேன். ரப்பரில் ஒட்டினால் மார்க். செல் தோலில் ஒட்டினால் மைனஸ். வெறும் தட்டில் ஒட்டினால் மைனஸ். பல்லியை மறுபடி விட்டுப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான அந்த லைட் ஹவுஸ் தரைக்குக் கீழே இறங்கிப் போனது. ராத்திரி முழுக்கக் கோத்ததில் ஒன்றே ஒன்றுதான் கோட்டுக்கு மேல் நிற்கிறது. குட்டைச் சுவர் அளவு. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

அம்மா மாவுச் சட்டியோடு வந்து கதவோரம் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. திரையில் நெளிகிற மாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒட்டுமா என்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன்.

"இது எதுல எல்லாம் ஒட்டாது?" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். மைனஸ் போட்டது இரண்டே இரண்டுக்குத்தான். அப்பாவுக்குள் எத்தனை சுவர் இருக்கும்?

"தெரியாதும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு அப்பாவின் டியூப்பைக் கழுவப் போனாள். பை பிடிக்க என்னைக் கூப்பிட்டாள்.